திராட்சைப் பெட்டியில் போன அணை

மலை, ஏரி, சுரங்கம், மூன்று வயல், நடுவே ஒரு வாய்க்கால் என்று ஒரு பள்ளத்தாக்கையே வைக்கோலில் பொதிந்து, திராட்சைப் பெட்டிக்குள் இறக்கி, மேலே சாக்கை வைத்துத் தைத்தது நான்தான். பன்னீர் திராட்சையை நசுங்காமல் சந்தைக்கு அனுப்பும் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அது தெரிந்த வேலை. எவ்வளவு வைக்கோலைத் திணித்தால் லாரியின் குலுக்கலைத் தாங்கும், எவ்வளவு திணித்தால் அதுவே பழத்தைக் குத்தும் என்பதெல்லாம் விரலுக்கே தெரியும். அன்று அந்தப் பெட்டிக்குள் என் அத்தையின் படிப்பும் இருந்தது. கோணி ஊசி இரண்டு தடவை கையில் ஏறிவிட்டது.

போன மாதம் தம்பி மகளைக் கூட்டிக்கொண்டு தேனியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். அறிவியல் போட்டி. தலைப்பு, தண்ணீர். பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி பனியன், முதுகில் தலைப்பு அச்சடித்திருந்தது. மேசைக்கு மேசை மோட்டார் சுற்றியது, விளக்கு எரிந்தது, தாய் தகப்பன்மார் செல்போனில் படம் பிடித்தார்கள். நான் என் பைக்குள் உபரி பேட்டரி, உபரி ஒட்டு நாடா, கத்தரிக்கோல், பழைய துணி எல்லாம் வைத்திருந்தேன். "அத்தை, நீங்க கவலப்படுற வேகத்துலயே பேட்டரி எறங்கிரும்போல" என்றாள் தம்பி மகள். என்னை ஒருத்தி அத்தை என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு என் அத்தை ஞாபகம் வந்துவிடும். அன்று அந்த மேசைகளுக்கு நடுவே நின்றபோது அப்பாவின் ஞாபகமும் சேர்ந்தே வந்தது.

என் அத்தை என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். அப்பாவுக்குக் கடைசித் தங்கை. தாத்தா காலமான பிறகு அப்பாதான் அவளுக்குத் தகப்பன் மாதிரி. காமயகவுண்டன்பட்டியில் ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்து எழுந்து, ஒரே டவுன் பஸ்ஸில் கம்பத்துக்குப் போய், ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருவோம். ஆனாலும் வீட்டுக்குள் அவளை 'வா, போ' என்று சொன்னால் அம்மா கரண்டியைத் தூக்குவாள். "அத்தை வந்தாக, அத்தை சாப்புட்டாக" என்றுதான் சொல்ல வேண்டும். பஸ் ஏறியதும் அவள் எனக்கு வெறும் 'நீ' ஆகிவிடுவாள். இதை எழுதும்போது எந்த மரியாதையில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். பஸ்ஸில் இருந்த மரியாதையிலேயே எழுதுகிறேன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கும் அவள் இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டு வைவாள்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, எழுபதுகளின் தொடக்கம் அது, போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்த ஒரு குடும்பத்திலிருந்து அத்தையைப் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல இடம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு பெண் ஒன்பதாவது படித்ததே அதிகப் படிப்புதான். அப்பா முக்கால்வாசி சம்மதம் சொல்லிவிட்டார். அத்தை அழவில்லை, சண்டை போடவில்லை. நான்காம் நாள் அப்பா மருந்துத் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்த களத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"அண்ணே, பள்ளிக்கூடத்துலருந்து தேனிக்குப் போட்டிக்கு அனுப்புறாக. என்னையவும் இவளையவும் எடுத்துருக்காக."

"என்ன போட்டி? ஓட்டப் பந்தயமா?"

"சயின்ஸ். தலைப்பு குடுத்துருக்காக. நீர்ப் பங்கீடு. நம்மளே ஒண்ணு செஞ்சுட்டுப் போகணும். அங்கன அவுக ஒரு கொடம் தண்ணி குடுப்பாக. மூணு வயலுக்கும் சமமாப் பாய்ச்சிக் காட்டணும்."

அப்பா சிரித்துவிட்டார். எங்கள் வயல் கடைமடையில் இருந்தது. வாய்க்கால் தண்ணீருக்காக அவர் போடாத சண்டை இல்லை. "மூணு வயலுக்குச் சமமாவா? இங்கன பொதுப்பணித் துறையாலயே முடியல. நீ பாய்ச்சிருவியாக்கும்?"

"பாய்ச்சிட்டா படிக்க விடுவியா?"

களத்தில் வேலையாட்கள் நாலு பேர் இருந்தார்கள். அத்தை வேண்டுமென்றேதான் அந்த நேரம் பார்த்துக் கேட்டாள் என்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அப்பா அவர்களைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "சரி, ஆத்தா. செயிச்சுட்டு வா, படி. தோத்துட்டு வந்தா போடிக்குப் போயிறணும். அப்பறம் மூஞ்சியத் தூக்கக் கூடாது." நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை அப்பா மாற்ற மாட்டார். அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

செய்தவள் அவள்தான். நான் கவலைப்பட்டேன், அவ்வளவே. குளத்துக் களிமண்ணில் மலையும் ஏரியும் பிடித்து, காய்ந்து வெடித்த இடங்களை மெழுகு உருக்கி அடைத்தாள். மலையைக் குடைந்து தண்ணீர் வரும் சுரங்கத்துக்கு ஒரு மூங்கில் குழாய். அணைக்கதவுக்கு பிஸ்கட் தகர மூடியை வெட்டி, சிமெண்டு நிறப் பெயிண்ட் அடித்து, மரத்தில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து அதில் ஏறி இறங்கும்படி வைத்தாள். பார்த்தால் சிமெண்டுப் பலகை மாதிரியே இருக்கும். வயலுக்கு வயல் மடை அகலத்தை நூல் நூலாக மாற்றிப் பார்த்தாள். முதல் வயலுக்கு மடை சின்னது, கடைசி வயலுக்குப் பெரியது. கதவைச் சரியாகப் பாதி தூக்கினால் மூன்று வயலிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். நான் ஒவ்வொரு தடவையும் "எலி வந்து மெழுகைத் தின்னுட்டா?", "அன்னைக்கு மழ பேஞ்சா?", "லாரி பஞ்சராகிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளும் சளைக்காமல் "எலிக்கு நாஞ் சொல்லிக்கிறேன், நீ அந்த மெழுகுவத்திய எடு" என்பாள்.

போட்டிக்கு முதல் நாள் அப்பாவே எங்களைப் பழ லாரியில் கூட்டிப் போனார். எங்கள் வண்டி ஓட்டுநர் குமுளிப் பக்கத்து ஆள். தமிழும் மலையாளமும் ஒரே வாயில் ஓடும். "ஈ பெட்டியில எந்தா, இத்தர பாரம்?" என்று கேட்டதற்கு, "அணை" என்றார் அப்பா. அவர் திரும்பத் திரும்பச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். தேனியில் போட்டி நடந்த பள்ளிக்கூடத்தின் நீளமான கூடத்தில் எங்களுக்கு ஒரு மேசை. ஒரு பொட்டு வெடிப்பில்லாமல் அணை வெளியே வந்தது. தண்ணீர் ஊற்றி ஒருமுறை விட்டுப் பார்த்தோம். மூன்று வயலிலும் ஒரே மட்டம். அப்பா குனிந்து கடைசி வயலை மட்டும் வெகுநேரம் பார்த்தார். "கடைமடைக்கும் வருதே" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

பிறகு ஏரியை நிரப்பி வைத்துவிட்டு அத்தை கை கழுவப் போனாள். அப்பா அன்று பஜாரில் தோட்டத்துக்கு மயில்துத்தம் வாங்கியிருந்தார். கொடிக்கு நோய் வராமலிருக்கச் சுண்ணாம்போடு சேர்த்துத் தெளிப்பதற்கு. அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கை நிறைய நீலக் கட்டிகளை அள்ளி ஏரிக்குள் போட்டார். "தண்ணி வெள்ளையா இருந்தா தூரத்துலருந்து எவன் கண்ணுக்குத் தெரியும்? இப்பப் பாரு." கொஞ்ச நேரத்தில் ஏரி மயில் கழுத்து மாதிரி ஆகிவிட்டது. கை துடைத்துக்கொண்டு வந்த அத்தை அப்படியே நின்றுவிட்டாள். "அண்ணே!" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் தன் பக்கம் வந்துவிட்டான் என்று அந்த நீலத்தைப் பார்த்து அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வாழ்நாளில் ஒரு மாலைப்பொழுது எந்தக் கவலையும் இல்லாமல் கழிந்தது என்றால் அது அன்றுதான். இரவு தங்கிய சொந்தக்காரர் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

துத்தத்தை இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மண்பானையில்தான் கரைப்பார்கள். இரும்பில் ஊற்றினால் மருந்தும் கெடும், வாளியும் ஓட்டையாகும். அப்பாவே எத்தனையோ கூலியாட்களை அதற்காகத் திட்டியிருக்கிறார். சிமெண்டு நிறப் பெயிண்டுக்கு அடியில் இருந்தது தகரம் என்று அவருக்குத் தெரியாது. அது தெரிந்த எங்களுக்கோ அந்த நீலத்தைப் பார்த்த மயக்கத்தில் வாளி ஞாபகமே வரவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால் நீலம் போய் ஏரி பாசி பிடித்த பச்சையாகக் கிடந்தது. கதவின் ஓரமெல்லாம் பெயிண்ட் உரிந்து, செங்கல் பொடி அப்பியது போல் ஒரு சிவப்பு. அத்தை மெல்லத் தூக்கினாள். மேல் பாதிதான் கையோடு வந்தது. தண்ணீர் முழுக்க முதல் வயலில் இறங்கி, மேசையை நனைத்து, கீழே நாங்கள் ஒட்டியிருந்த விளக்கப் படத்தையும் நனைத்தது. பக்கத்து மேசையில் தண்ணீர்ச் சக்கரம் செய்து கொண்டு வந்திருந்த பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அணை ஒடஞ்சுருச்சுடோய்! ஊரக் காலி பண்ணுங்க!"

"ஆத்தாடி, வெள்ளம் எங்க மேசைக்கு வருதுடா, மூட்ட முடிச்சக் கட்டு!"

"மொதல்ல ஒங்க சக்கரத்தச் சுத்தச் சொல்லு. விடிஞ்சதுலருந்து தூங்குது" என்றாள் அத்தை, தலையைத் தூக்காமலே. குரல் என்னவோ திடமாகத்தான் இருந்தது. கை மட்டும் உடைந்த கதவை விடவில்லை.

என்னிடம் உபரி மூங்கில் இருந்தது, உபரி மெழுகு இருந்தது, நூல், பஞ்சு, களிமண் உருண்டை எல்லாம் இருந்தது. கதவு மட்டும் இல்லை. அத்தை ஒரு நோட்டு அட்டையைக் கிழித்து வெட்டி, மெழுகில் தோய்த்துக் காடியில் செருகினாள். பத்து நிமிஷம் தாங்கும் என்று அவளுக்கே தெரியும். நடுவர்கள் எங்கள் மேசைக்கு வர வெகுநேரம் ஆனது.

பார்வையாளர்களுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்தது, கோயிலிலும் வாய்க்கால் பஞ்சாயத்திலும்தான்.

நடுவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர் என்னிடம் முதலில் பெயரைக் கேட்டார். அத்தைதான் இரண்டு பெயரையும் சொன்னாள். குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். அட்டைக் கதவு ஊறி வளைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முதல் வயல் நிரம்பி வழிந்தது. இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் ஒரு சொட்டும் இல்லை.

"அணைக்குப் போய் யாராவது அட்டையில கதவு வைப்பாங்களாம்மா?"

அவள் உடைந்த தகரத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். "இதான் சார் எங்க கதவு. ராத்திரியில இப்பிடி ஆயிருச்சு."

"இது என்ன செவப்பு? துருவா?"

"துரு இல்ல சார், செம்பு. தண்ணியில மயில்துத்தம் இருந்துச்சு. துத்தத்துல இருந்த செம்பு தகரத்துல ஒட்டிக்கிருச்சு. தகரத்துல இருந்த இரும்பு தண்ணிக்குள்ள போயிருச்சு. அதான் நீலம் போயிப் பச்சையாயிருச்சு. அதோட எடம் இதுக்கு, இதோட எடம் அதுக்கு."

நடுவர் அந்தத் துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மற்ற இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். "துத்தத்த யாரு போட்டது?" என்று கேட்டார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவரை நான் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன். அத்தை ஒரு மூச்சுக்கூட நிறுத்தவில்லை. "நாங்கதான் சார்" என்றாள்.

"நல்லாச் சொல்றம்மா. ஆனா தலைப்பு நீர்ப் பங்கீடு. மூணாவது வயல் காய்ஞ்சு கெடக்கே, நான் என்ன செய்ய?" என்றார் அவர். வருத்தத்தோடுதான் சொன்னார். பரிசு தண்ணீர்ச் சக்கரத்துக்குப் போனது. அது கடைசியில் சுற்றி, மூன்று வயலுக்கும் சமமாக இறைத்தும் காட்டிவிட்டது.

திரும்பி வரும்போது லாரியில் அத்தை நகக்கண்ணில் இருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். என் மனசோ போடிக்குப் போய்விட்டது. அவள் இல்லாத பாய், அவள் இல்லாத பெஞ்சு, அவளுக்கு அந்த வீட்டில் மாமியார் எப்படியோ என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. வீரபாண்டி தாண்டியது, சின்னமனூர் தாண்டியது. ஓட்டுநருக்குத்தான் பொறுக்கவில்லை.

"எந்தா மொதலாளி, பிரைசு ஒண்ணும் கிட்டியில்லே?"

"ஆட்டமே செல்லாதுய்யா" என்றார் அப்பா.

"அதெந்தா?"

"நீரு கபடி பாத்துருக்கீருல்ல? ஆடிக்கிட்டு இருக்கும்போது கோட்டுக்குள்ள வெளியாளு ஒருத்தன் காலு வச்சுட்டா என்ன செய்வாக?"

"ஆட்டம் நிறுத்தும்."

"அதான். நிறுத்திட்டு மறுபடி மொதல்லருந்து ஆடணும். இன்னைக்கு வெளியாளு உள்ள எறங்கிட்டான். செல்லாது."

"ஆரா அந்த வெளியாளு?"

"ரோட்டப் பாத்து ஓட்டும்" என்றார் அப்பா.

அத்தை மெழுகைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டாள். என் தொடையைக் கிள்ளினாள், நான் கத்தியிருப்பேன், அவ்வளவு அழுத்தமாக. அப்பா வெளியே ஓடும் தென்னைகளைப் பார்த்தபடியே சொன்னார்: "அடுத்த வருசம் கதவ மட்டும் மரத்துல செய்யி."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையைப் பிசைந்தாள். "போடிக்காரவுகளுக்கு என்னங்க சொல்றது? நாலு பேரு முன்னால வாக்குக் குடுத்தீக!" அப்பா குளித்துவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "வாக்கு வாக்குதான். செயிச்சா படிப்பு, தோத்தா போடி. இன்னும் செயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல. போட்டி முடியலன்னு சொல்லு." ஒரு மனிதன் தான் செய்த தவற்றைத் தவறு என்று வாயால் சொல்லாமலே அதற்கான தண்டனையைத் தனக்கு விதித்துக்கொள்ள முடியும் என்பதை அன்று பார்த்தேன். 'நான்தான் கெடுத்தேன்' என்ற வார்த்தையை அவர் கடைசி வரை சொல்லவில்லை. எங்களுக்கும் அது தேவைப்படவில்லை.

அந்த வருஷம் பரீட்சை முடிந்ததும் நான் படிப்பை விட்டு நின்றுவிட்டேன். தம்பி பிறந்து அம்மா எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள் என்பது ஒன்று. பரீட்சை என்றாலே எனக்குப் பயம் என்பது இன்னொன்று. அப்பா கேட்கத்தான் செய்தார், "நீயும் போறியா?" என்று. "எனக்குப் போதும்ப்பா" என்றேன். வருத்தம் உண்டா என்று தம்பி மகள் போன மாதம் பஸ்ஸில் கேட்டாள். சில நாள் உண்டு. ஆனால் ஒருவர் மேசைக்கு முன்னால் நின்று பேசுவதற்கு, பின்னால் ஒருவர் பெட்டியைப் பதனமாகக் கட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த வேலைதான் கவலையில்லாமல் வந்தது, அதாவது கவலையோடு நன்றாக வந்தது.

அடுத்த வருஷத் தலைப்பு காற்று. இன்னொரு பெண்ணோடு போய் அத்தை இரண்டாம் பரிசு வாங்கி வந்தாள். இரண்டாம் பரிசு செயித்தது ஆகாதே! அப்பா தோட்டத்திலிருந்து வந்ததும் வராததுமாக விசாரணையை ஆரம்பித்தார். நடுவர் யார், எப்படி இருந்தார், நன்றாகப் பார்த்தாரா. அத்தை யோசித்து, "ஒருத்தருக்கு நல்ல சளிண்ணே. தும்மிக்கிட்டே இருந்தாக" என்றாள்.

"பாத்தியா! தும்முற மனுசன் கண்ண மூடிக்கிட்டு என்னத்தப் பாத்துருப்பாரு? செல்லாது."

அம்மா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். போடிக்காரர்கள் அதற்குள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அதனால் இனி அந்தப் போட்டிக்கு அவசியமே இல்லை என்று அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் அதை விடவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "ஒரு போட்டி பாக்கி கெடக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் பள்ளியின் கடைசி வகுப்பான பதினொன்றுக்கு அரசுத் தேர்வு என்பதால் போட்டிக்கு அனுப்பவில்லை. அதையும், "ஆடவே விடலன்னா எப்பிடித் தோத்ததாகும்?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அவள் தேறினாள். மதுரையில் கல்லூரி, விடுதி. இதை அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்று அவளுக்கே தயக்கம். அந்தக் கோடையில் ஒருநாள் காலை அப்பா பழப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் வைக்கோல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து நின்றாள். அப்பாதான் தலை நிமிராமல் கேட்டார்.

"அந்தக் காலேசுல இந்தப் போட்டியெல்லாம் வைப்பாகளா?"

அத்தை என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? அவளுக்கும் தெரியாது.

"வைப்பாகண்ணே. வருசா வருசம்."

"ஒரே வருசத்துல முடிஞ்சுறாதுல்ல?"

"முடியாதுண்ணே."

அப்பா வாயில் இருந்த ஆணியை எடுத்துப் பெட்டியில் வைத்து, ஒரே போடாக இறக்கினார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம், "போட்டி இன்னும் முடியலயாம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பினார்.